சிறு பயணச் சலுகை: கொடுப்பதா, சம்பளத்தோடு சேர்ப்பதா, விட்டுவிடுவதா?

வேலைக்கு வந்துபோகும் செலவில் ஒரு சிறு பங்கை நிறுவனம் ஏற்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், எதிர்ப்பு பெரும்பாலும் கணக்குப் பிரிவிலிருந்துதான் வரும். கொடுக்கப்போவதோ சிறு தொகை. அதற்குப் படிவம், ரசீது, ஒப்புதல், தணிக்கை என்று இழுத்துவிட்டுக்கொள்ளும் வேலையோ பெரிது. அந்தப் பணத்தைச் சம்பளத்திலேயே சேர்த்துவிட்டால் அவரவர் தேவைக்கு அவரவர் செலவழித்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதை வேலைக்கு அஞ்சிய பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சில நிறுவனங்களுக்கு அதுவே சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் அந்த வாதம், நிறுவனம் இதுவரை எந்தப் பயணச் சலுகையும் கொடுத்ததில்லை, இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. கார் நிறுத்த ஊழியர்களுக்கு இலவசமாக இடம் விட்டிருக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தாது. அங்கே சலுகை பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. காரில் வருபவருக்கு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சலுகையின் அளவு யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்குக் காரணம், அது கட்டட வாடகைக்குள் புதைந்து கிடப்பதுதான். ஒரு காரை நிறுத்தும் கட்டம் ஏறத்தாழ 12 சதுர மீட்டர். உள்ளே வந்து திரும்பி வெளியேறும் பாதையில் அதன் பங்கையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் வரை போகும். அந்தக் காரில் வந்தவர் அலுவலகத்துக்குள் உட்காரும் மேசைக்கும் நாற்காலிக்கும் இதில் பாதி இடம்கூடக் கிடைப்பதில்லை. பேருந்துப் பாஸுக்குக் கொஞ்சம் உதவி கேட்டு ஒருவர் எழுதும் விண்ணப்பம் மனிதவளத் துறையின் செலவுத் தலைப்பில் தனி வரியாக நிற்கும். கார் நிற்கும் இடத்தின் வாடகை எந்த ஊழியரின் பெயரிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே சிறு சலுகை கொடுத்து மெனக்கெட வேண்டுமா என்று முடிவெடுக்கும் முன், கொடுக்காமல் இருப்பது எல்லோருக்கும் சமமான நிலைதானா என்று பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் அப்படி இருக்காது.

இதைச் சரிசெய்யக் கலிஃபோர்னியா மாநிலம் 1992-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் வாடகைக்கு எடுத்த வாகன நிறுத்தத்தில் ஊழியருக்கு இலவச இடம் கொடுத்தால், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் வாடகைக்கு ஈடான பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாகன நிறுத்தப் பொருளாதாரத்தை வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பேராசிரியர் டொனால்ட் ஷூப், அந்தச் சட்டத்தைப் பின்பற்றிய 8 நிறுவனங்களை ஆராய்ந்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டார். தனியாகக் கார் ஓட்டி வந்தவர்களின் பங்கு 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்திருந்தது. வேலைக்காக ஓடிய கார்களின் மொத்தத் தூரம் 12 சதவீதம் குறைந்திருந்தது. நிறுவனங்களுக்கோ ஓர் ஊழியருக்கு மாதம் 2 டாலர் அளவில்தான் கூடுதல் செலவு. பணம் பெரும்பாலும் புதிதாக வரவில்லை. இடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு பகுதி ஆளுக்குப் போனது. ஆனாலும் ஒரு நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. விட்டுக்கொடுக்கப்பட்ட இடத்தின் வாடகையை நிறுவனம் உண்மையாகவே நிறுத்திக்கொள்ள முடிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். சொந்த வளாகத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தை விட்டுக்கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தால் அது முழுக்கப் புதிய செலவு.

இனி, முதலில் சொன்ன மாற்று வழிக்கு வருவோம்: சம்பளத்தோடு சேர்ப்பது. இதன் பெரிய நற்பண்பு எளிமை. நடந்து வருபவர், மனைவியின் வண்டியில் தொற்றிக்கொண்டு வருபவர், மூன்று பேருந்து மாறி வருபவர் எல்லோருக்கும் ஒரே தொகை. யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம். ஆனால் இரண்டு குறைகள் இதில் உண்டு. முதலாவது வரி. ஊழியர் 30 சதவீத வரி கட்டுபவர் என்றால், நிறுவனம் சேர்த்த 100-இல் அவர் கைக்கு 70-தான் போகும். அதே 100 வரிவிலக்குள்ள பாஸாகக் கிடைத்தால் முழுதாகக் கிடைக்கும். இரண்டாவது குறை மெதுவாகத் தெரிவது: அந்தத் தொகை ஓரிரு ஆண்டுகளில் சம்பளத்துக்குள் கரைந்துவிடும். அடுத்த ஊதிய உயர்வுப் பேச்சில் அதை யாரும் தனியாக நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நிறுவனம் பயணத்துக்காக ஏதோ செய்தது என்ற எண்ணம் ஊழியருக்கும் இருக்காது, வந்துபோகும் வழியைப் பற்றிய எந்த முடிவையும் அது மாற்றியிருக்கவும் முடியாது. இந்தியாவில் சம்பளச் சீட்டில் போக்குவரத்துப் படி என்ற பெயரில் மாதம் 1,600 ரூபாய்க்கு வரிவிலக்கு இருந்தது. உண்மையில் அவ்வளவு செலவானதா என்று யாரும் கேட்டதில்லை. அதனாலேயே வந்துபோகும் பழக்கத்துக்கும் அந்தப் படிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் போயிற்று. 2018-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அதை மருத்துவச் செலவுச் சலுகையோடு சேர்த்து நீக்கிவிட்டு, சம்பளக்காரர் எல்லோரும் ரசீது எதுவும் காட்டாமல் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் 40,000 ரூபாய் நிலையான கழிவாக மாற்றினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான படி மட்டும் மிஞ்சியது. நிபந்தனை இல்லாத பயணப்படி என்பது வேறு பெயரில் உள்ள சம்பளம்தான் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

அடுத்த வழி, நிறுவனம் தன் கையிலிருந்து எதுவும் போடாமல், ஊழியர் தன் சம்பளத்திலிருந்தே வரிக்கு முன்பாகப் பயணச் செலவைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்வது. அமெரிக்காவில் இது பரவலாக இருக்கிறது. 2025-இல் மாதம் 325 டாலர் வரை பொதுப் போக்குவரத்துக்காக இப்படி ஒதுக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ 2009 முதலும், நியூயார்க் நகரம் 2016 ஜனவரி முதலும் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் இந்த வசதியையோ இதற்கு ஈடான ஒன்றையோ கொடுத்தே ஆகவேண்டும் என்று விதித்துள்ளன. இதை ஊழியருக்கும் மிச்சம், நிறுவனத்துக்கும் மிச்சம் என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். ஊழியருக்கு மிச்சம் என்பதில் ஐயமில்லை. நிறுவனத்துக்கு மிச்சம் என்பதைச் சற்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

50 ஊழியர்கள் ஆளுக்கு மாதம் 150 டாலர் ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; ஆண்டுக்கு 90,000 டாலர். அந்தத் தொகைக்கு நிறுவனம் கட்டவேண்டிய சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரி 7.65 சதவீதம், அதாவது 6,885 டாலர், மிச்சமாகிறது. விளம்பரத் தாள்கள் வழக்கமாக இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால் 2017 இறுதியில் நிறைவேறிய வரிச் சட்டத்தின்படி, 2018 முதல் இந்தத் தொகையை நிறுவனம் தன் வருமானத்திலிருந்து செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஊழியரின் சம்பளத்திலிருந்தே பிடித்தாலும் இந்த விதி பொருந்தும். லாபம் ஈட்டி 21 சதவீத நிறுவன வரி கட்டும் ஒரு நிறுவனம், இந்த 90,000-ஐச் சம்பளமாகவே கொடுத்திருந்தால் ஏற்பட்டிருக்கும் செலவோடு ஒப்பிட்டால், எல்லாம் கழித்துக் கூட்டி ஏறத்தாழ 13,500 டாலர் கூடுதலாகவே செலவழிக்கிறது. ஊழியர்கள் எல்லோரும் 22 சதவீத வருமான வரி அடுக்கில் இருந்தால் அவர்களுக்கு மொத்தம் மிச்சமாவது ஏறத்தாழ 26,700 டாலர். அதே 26,700 அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்படி சம்பளத்தை உயர்த்தினால் நிறுவனத்துக்கு வரிக்குப் பிறகு 32,000 டாலருக்கு மேல் ஆகும். எனவே இத்திட்டம் இலவசமும் அல்ல, நஷ்டமும் அல்ல. ஊழியருக்கு இரண்டு டாலர் நன்மை செய்ய நிறுவனம் ஒரு டாலர் செலவழிக்கும் ஏற்பாடு. இலவசம் என்று நம்பிச் சேர்ந்துவிட்டு ஆண்டு முடிவில் வரிக் கணக்கைப் பார்த்துத் திகைப்பதைவிட, இந்த விகிதத்தைத் தெரிந்துகொண்டு சேர்வது மேல். வருமான வரி கட்டாத அறக்கட்டளைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்தக் கழிவு இழப்பு இல்லை. 2018-இல் அவர்கள்மேல் விழுந்த தனி வரியும் 2019 டிசம்பரில் முன்தேதியிட்டு நீக்கப்பட்டுவிட்டது. அவர்களுக்கு இது மெய்யாகவே மிச்சம் தரும் திட்டம்.

வரிவிலக்கை நம்பிய எல்லாத் திட்டங்களுக்கும் இன்னொரு கோளாறு உண்டு. அதிக வரி கட்டுபவருக்கு அதிக நன்மை. வரி வரம்புக்குக் கீழே சம்பளம் வாங்குபவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பேருந்துச் செலவு வருமானத்தில் பெரிய பங்காக இருப்பதோ அந்தக் கீழ்ச் சம்பளக்காரருக்குத்தான். பிடித்த பணத்தைத் திரும்ப எடுப்பதிலும் தொல்லை இருக்கிறது. அமெரிக்கத் திட்டத்தில் செலவாகாத தொகை அடுத்த மாதத்துக்குப் போகும். ஆனால் வேலையை விட்டால் ரொக்கமாகத் திரும்பக் கிடைக்காது. 2020-இல் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, போகாத பயணத்துக்கான பணம் அட்டையில் முடங்கிக் கிடந்ததைப் பலரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

நிறுவனமே கைப்பணம் போட்டுப் பாஸில் ஒரு பங்கை ஏற்பது மூன்றாவது வழி. இதில் தொகையைவிடப் பங்கு எப்படி வகுக்கப்படுகிறது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. பிரான்சில் பொதுப் போக்குவரத்துப் பாஸின் விலையில் பாதியைத் தனியார் நிறுவனங்கள் ஏற்கவேண்டும் என்பது 2009 முதல் நாடு முழுவதும் சட்டம். ஊழியரும் பாதி கொடுப்பதால், தேவையில்லாதவர் பாஸ் வாங்குவதில்லை. பிரேசிலின் வகுத்தல் வேறு. 1985-இல் பிறந்த அந்தத் திட்டப்படி, ஊழியர் தன் அடிப்படைச் சம்பளத்தில் 6 சதவீதம் வரை பயணத்துக்குத் தருகிறார். அதற்கு மேல் ஆகும் கட்டணத்தை நிறுவனம் ஏற்கிறது. நன்றாகச் சம்பாதிப்பவருக்கு அந்த 6 சதவீதமே பேருந்துக் கட்டணத்தைத் தாண்டிவிடுமாகையால் அவர் கேட்டு வருவதில்லை; குறைந்த சம்பளத்தில் நெடுந்தூரம் வருபவருக்கே உதவி போய்ச் சேருகிறது. வருமானச் சான்றிதழ், தகுதிப் பட்டியல் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு சதவீத எண் இந்த வேலையைச் செய்துவிடுகிறது. நான் பார்த்த வகுத்தல்களில் இதைத்தான் மிகக் கெட்டிக்காரத்தனமானது என்பேன். ஆனால் வெகு தொலைவிலிருந்து வரும் விண்ணப்பதாரரைச் செலவு கருதித் தவிர்க்கும் ஆசையை இது முதலாளிக்குக் கொடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜப்பானில் பல நிறுவனங்கள் வந்துபோகும் கட்டணம் முழுவதையும் கொடுத்துவிடுகின்றன. மாதம் 1,50,000 யென் வரை அதற்கு வரி இல்லை. ஊழியருக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. ஆனால் கட்டணம் முழுவதும் வேறொருவர் பையிலிருந்து போகும்போது, அருகில் குடிவருவதா தொலைவில் இருப்பதா என்ற முடிவில் பயணச் செலவுக்கு எடையே இல்லாமல் போகிறது. நேரம் மட்டும் ஊழியருடையதாக மிஞ்சுகிறது. சிறு சலுகை பற்றிய இந்தப் பேச்சில் அது ஒரு எல்லைக்கோடாக மட்டும் இருக்கட்டும்.

செலவு குறைவாகவும் பலன் கண்கூடாகவும் இருப்பது, என் கணிப்பில், மேலே சொன்ன எதுவும் இல்லை. சீசன் டிக்கெட்டுக்கு வட்டியில்லா முன்பணம் கொடுப்பதுதான் அது. பிரிட்டனில் ரயில் ஆண்டுச் சீட்டின் விலை, வாரச் சீட்டின் விலையைப்போல் 40 மடங்கு. விடுப்பு, பண்டிகை நாட்கள் போக ஆண்டுக்கு 46 வாரம் வேலைக்கு வரும் ஒருவர், வாராவாரம் வாங்கினால் 46 பங்கு கொடுக்கிறார். ஆண்டுச் சீட்டு வாங்கியிருந்தால் 40 பங்கோடு முடிந்திருக்கும். அந்த 6 வாரக் கட்டணத்தை அவர் இழப்பது கணக்குத் தெரியாததால் அல்ல. 40 வாரக் கட்டணம் ஒரே நாளில் கையில் இல்லாததால். சம்பளம் குறைந்தவர்தான் இப்படித் துண்டு துண்டாக வாங்கிக் கூடுதல் விலை கொடுக்கிறார். நிறுவனம் அந்தத் தொகையை முன்பணமாகக் கொடுத்து மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் சராசரியாக நிற்கும் கடன் 20 வாரக் கட்டணம்தான். நிறுவனத்தின் பணத்துக்கு 6 சதவீத வட்டி என்று வைத்தாலும், அதற்கு ஆகும் செலவு ஒன்றேகால் வாரக் கட்டணத்தைத் தாண்டாது. அதாவது ஒன்றேகால் கொடுத்து ஊழியருக்கு ஆறு மிச்சப்படுத்தலாம். இதுபோன்ற கடன் மொத்தத்தில் 10,000 பவுண்டைத் தாண்டாதவரை அந்நாட்டில் வரியும் கிடையாது.

இதில் இடர் இல்லாமல் இல்லை. ஊழியர் நடுவில் வேலையை விட்டால் மீதிக் கடன் இறுதிச் சம்பளத்தில் கழிக்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுச் சீட்டை அது முடிவதற்கு முந்தைய ஓரிரு மாதங்களில் திருப்பிக் கொடுத்தால் ரயில் நிறுவனத்திடமிருந்து ஏறக்குறைய எதுவும் கிடைக்காது என்பதையும் ஊழியருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் வருபவருக்கு ஆண்டுச் சீட்டே நஷ்டமாக முடியலாம். லண்டனில் அட்டையைத் தொட்டுப் பயணம் செய்பவருக்கு உள்ளதுபோல, நாளுக்கும் வாரத்துக்கும் கட்டண உச்சவரம்பு தானாகவே கணக்கிடப்படும் நகரங்களில் மொத்தமாக வாங்குவதன் லாபமும் சுருங்கிவிடும். சுருங்காத இடங்களில், சிறு சலுகை என்று ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

சைக்கிள் சலுகையைப் பொறுத்தவரை ஆர்வம் அதிகம், பயனாளிகள் குறைவு. பெல்ஜியத்தில் ஏற்கெனவே அப்படியொரு படி இல்லாத தனியார் துறை ஊழியர்களுக்கு 2023 மே 1 முதல் கிலோமீட்டருக்கு 0.27 யூரோ சைக்கிள் படி கிடைக்க வழி செய்தார்கள். மிதித்த தூரத்துக்கு நேரடியாகப் பணம் என்பதால் வரி அடுக்கு பற்றிய கவலை இல்லை. பிரிட்டனில் சம்பளத்தை விட்டுக்கொடுத்துச் சைக்கிள் பெறும் திட்டம் 1999 முதல் இருக்கிறது. ஆனால் அப்படி விட்டுக்கொடுத்த பின் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதால், சைக்கிளே மலிவான வழியாக இருக்கக்கூடிய அந்தக் கடைநிலை ஊழியர் அதற்கு வெளியே நிற்கிறார். அமெரிக்காவில் மாதம் 20 டாலர் என்று ஒரு சைக்கிள் விலக்கு இருந்தது. 2018-இல் அதை நிறுத்திவைத்தார்கள், பின்னர் அடியோடு எடுத்துவிட்டார்கள். 20 டாலருக்காகக் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது ஊகிக்கக் கூடியதுதான். சைக்கிளில் வர நினைப்பவரைத் தடுப்பது பெரும்பாலும் பணம் அல்ல. வியர்வையோடு வந்து கூட்டத்தில் உட்கார வேண்டியிருப்பதும், மாலையில் போனால் வண்டி நிறுத்திய இடத்தில் இருக்குமா என்ற சந்தேகமும்தான். ஒரு குளியலறையும் கூரையுள்ள, பூட்டக்கூடிய நிறுத்துமிடமும் எந்தப் படியையும்விட அதிகம் செய்யும்.

நிறுவனமே பேருந்து விடுவதைச் சிறு சலுகைகளின் வரிசையில் சேர்க்க முடியாது. பொதுப் போக்குவரத்து எட்டாத தொழிற்சாலைக்கும் இரவுப் பணிக்கும் அது சலுகையே அல்ல, வேலை நடப்பதற்கான அடிப்படை. அங்கே ஒப்பீட்டுக்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறாக, செலவு மிகக் குறைவாயிருந்தும் பலரும் யோசிக்காத இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, அவசரத்துக்கு வீடு திரும்பும் உத்தரவாதம். ரயிலிலோ, மற்றொருவர் காரில் பங்கிட்டுக்கொண்டோ வரும் தாய் ஒருவரின் மனத்தில் தினமும் இருக்கும் கேள்வி, பகல் 2 மணிக்குப் பள்ளியிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தால் எப்படிப் போவது என்பதே. அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் கார் ஓட்டி வருபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் டாக்ஸிக் கட்டணத்தை நிறுவனம் தரும், ஆண்டுக்கு இத்தனை முறை என்று எழுதி வைத்தால் போதும். பெயர் கொடுத்தவர்களில் மிகச் சிலரே அதைப் பயன்படுத்துவார்கள் என்பதால் செலவு சிறிது. இருக்கிறது என்ற உறுதிதான் அதன் பயன்.

மற்றொன்று, வேலையில் சேரும் நாளிலேயே முதல் மாதப் பாஸைக் கையில் கொடுப்பது. புதிதாகச் சேர்பவர் முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதம் தன் பணத்தில் வந்துபோக வேண்டும். வேலையில்லாமல் இருந்துவிட்டு வருபவருக்கு அது சிறு விஷயமல்ல. அதோடு, எந்த வழியில் வருவது என்ற பழக்கம் இன்னும் உறையாத நேரம் அது. இரண்டு ஆண்டுகளாகக் காரில் வருபவரைப் பாதி விலைப் பாஸ் கொடுத்து மாற்றுவது கடினம்; முதல் திங்கட்கிழமை காலை எப்படிப் போவது என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரை மாற்றுவது எளிது. ஒரே தொகையை ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் துளித்துளியாகத் தெளிப்பதற்கும், முடிவெடுக்கும் அந்தத் தருணத்தில் மொத்தமாகக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பணமே இல்லாத ஒரு வழியையும் ஒப்பீட்டில் சேர்க்காவிட்டால் நியாயமாகாது: நேரத் தளர்வு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் டெக்சாஸில் வேலை பார்க்கும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாக நினைவுகூரச் சொல்லி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போய்வரும் பயணம்தான் அன்றைய வேலைகளில் மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்த ஒன்றாக இருந்தது. அந்த மகிழ்ச்சியின்மையில் கட்டணத்துக்கு ஒரு பங்கு இருக்கலாம். நெரிசலுக்கும் தாமதப் பயத்துக்கும் அதைவிடப் பெரிய பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். காலை 9 மணிக்கு விரல் ரேகை பதியாவிட்டால் அரை நாள் சம்பளம் போகும் என்ற விதியை வைத்துக்கொண்டு பாஸில் பாதியைத் தரும் நிறுவனத்தைவிட, ஒரு மணிநேரம் முன்பின் வரலாம் என்று சொல்லிவிட்டு எதையும் தராத நிறுவனத்தை ஊழியர்கள் விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் முகப்பு மேசையில் இருப்பவருக்கும் எந்திரத்தின் முன் நிற்பவருக்கும் இந்தத் தளர்வைக் கொடுக்க முடியாது; அவர்களுக்குத்தான் பணச் சலுகையின் தேவையும் அதிகம்.

நிர்வாகச் செலவு பற்றிய கணக்குப் பிரிவின் அச்சத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனெனில் அது நியாயமான அச்சம். மாதக் கடைசியில் ஊழியர் ஒருவர் பேருந்துச் சீட்டுகளை வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டி, மங்கிப்போன அச்சின் மேல் தேதியைப் பேனாவால் எழுதி, மேலதிகாரியின் கையெழுத்துக்காக இரண்டு நாள் காத்திருந்து கொடுக்கிறார். ஒரு சனிக்கிழமைச் சீட்டு இருப்பதைக் காட்டிக் கணக்கர் அதைத் திருப்பி அனுப்புகிறார். இருவர் நேரத்தின் விலையும் கேட்ட தொகையைத் தாண்டிவிடுகிறது. அந்த ஊழியர் அடுத்த மாதம் கேட்க மாட்டார். சலுகை சிறிது என்றால் அதன் நடைமுறை அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். பாஸை நிறுவனமே வாங்கிக் கொடுப்பது, அல்லது பாஸின் ஒரே ரசீதை ஆண்டுக்கு ஒருமுறை பெற்றுக்கொண்டு மாதாமாதம் நிலையான தொகையைக் கொடுப்பது என்ற இரண்டைத் தவிர வேறு எந்த முறையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள்வாரிச் சீட்டுக் கணக்கு கேட்கப்போகிறீர்கள் என்றால், தொடங்காமல் இருப்பதே மேல்.

எனக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பவர்களும் இருப்பார்கள்: நடந்து வருபவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர், பேருந்தே போகாத ஊரிலிருந்து வருபவர். எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க முயன்றால் திட்டம் மீண்டும் சம்பள உயர்வாகிவிடும். பாஸ், வாகன நிறுத்த இடம், சைக்கிள் படி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அவரவர் தேர்ந்துகொள்ளலாம், எதுவும் வேண்டாம் என்பவருக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த தொகை பணமாகக் கிடைக்கும் என்று வைப்பது ஓரளவு நியாயம். அப்போது வாகன நிறுத்தமும் ஒரு சலுகையாகப் பெயரோடு பட்டியலில் ஏறிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குப் பயணச் சலுகை இல்லாததை அநீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அவர் மிச்சப்படுத்தும் இரண்டு மணிநேரத்தை யாரும் அவரிடமிருந்து பிடித்தம் செய்வதில்லை.

ஆக, முடிவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நல்ல பேருந்தும் ரயிலும் உள்ள நகரத்தில், வாடகைக்கு எடுத்த வாகன நிறுத்தம் வைத்திருக்கும் நிறுவனம், இடத்தை விட்டுக்கொடுப்பவருக்குப் பணம் தரும் முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கான பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. குறைந்த சம்பளத்தில் பலரை வைத்திருக்கும் கடை, மருத்துவமனை, கிடங்கு போன்ற இடங்களுக்கு முன்பணமும் முதல் மாதப் பாஸும் பொருந்தும். வரிக்கு முந்தைய பிடித்தம் அங்கே பெயருக்குத்தான் இருக்கும். நல்ல சம்பளமும் தினசரி ரயில் பயணமும் உள்ள அலுவலகத்துக்கு அந்தப் பிடித்தம் ஏற்றது, அது இலவசம் அல்ல என்று தெரிந்துகொண்டு சேர்ந்தால். பத்துப் பேருக்குக் கீழே, பேருந்து வராத இடத்தில், எல்லோரும் சொந்த வண்டியில் வரும் ஒரு சிறு நிறுவனம் இதில் எதற்கும் மெனக்கெட வேண்டியதில்லை. அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்த்து, காலை வரும் நேரத்தைச் சற்றுத் தளர்த்திவிட்டால் போதும்.

எதைத் தொடங்கினாலும் ஓராண்டு கழித்துப் பார்க்க வேண்டியது எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்பதை அல்ல. இந்தச் சலுகை இல்லாவிட்டாலும் அதே வழியில்தான் வந்திருப்பார்கள் என்பவர்களைக் கழித்த பின் மிஞ்சுபவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தச் சம்பள அடுக்கில் இருக்கிறார்கள் என்பதையே. சீசன் முன்பணமாக இருந்தால் இன்னும் எளிது: வாரச் சீட்டிலிருந்து ஆண்டுச் சீட்டுக்கு மாறியவர்களை மட்டும் எண்ணினால் போதும். அந்த எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தால் திட்டத்தை நிறுத்திவிடலாம், ஏற்கெனவே கொடுத்த முன்பணங்கள் தீரும்வரை மட்டும் பிடித்தத்தைத் தொடர்ந்துகொண்டு.